தொண்ணூற்று நாலு

தாளில் இருந்தது ஒரு நம்பர்தான்.

மூன்று எழுத்து. அதே மூன்று எழுத்து
திரும்பத் திரும்பத் தொண்ணூற்று நாலு தரம்
என் ஒவ்வொரு செல்லிலும் எழுதியிருக்கிறதாம்.
ஆட்களுக்கு முப்பது சொச்சம் போதுமாம்.
டொக்டர் இரேஷா மருந்துக் கம்பனிக் கொப்பியின் பின்பக்கம்
ஒரு ரயில் கீறினா, பெட்டி பெட்டியாக.
தாள் முடிந்தது. ரயில் முடியவில்லை.

மகனுக்கு இருநூறைத் தாண்டிவிட்டது.
அவனில் அந்த மரபணு வாயை மூடிக்கொண்டது.
"உங்களில் அது மூடவில்லை,
தேவைக்கு மேலே பேசுகிறது" என்றா.

எனக்குச் சிரிப்பு வந்தது.
இரவு இரண்டு மணிக்கு என் தலைக்குள்
வாய் ஓயாமல் கதைப்பது யார் என்று
பன்னிரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளவத்தையில் நாலாம் மாடி.
கடைசி ரயில் பாணந்துறைப் பக்கம் போன பிறகும்
ஜன்னல் கம்பி கொஞ்ச நேரம் அதிரும்.
எழும்பி காஸ் சிலிண்டரைப் பார்ப்பேன்.
மூடியிருக்கும்.
படுப்பேன். எழும்பிப் பார்ப்பேன்.
மூடித்தான் இருக்கும்.
முதல் டொக்டர் சொன்னார்,
இப்படிப் பிள்ளை இருந்தால் எந்தத் தாய்க்கும் வரும்தானே.
மாமி வெள்ளிக்கிழமை விரதம் சொன்னா.
தயாபரன் ஒன்றும் சொல்லாமல்
புது ரெகுலேட்டர் வாங்கிக்கொண்டு வந்தார்.

பிள்ளைக்கு முன்னமே இருந்தது, டொக்டர்.
சோதனைச்சாவடிக் காலம் அது.
அடையாள அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி
பஸ்ஸுக்குள் எல்லாருக்கும் நெஞ்சு இடித்தது.
அதற்குள் என்னுடைய இடிப்பு
தனியாகக் கேட்கவில்லை.
சாவடிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.
என் கை மட்டும் இன்னும் பைக்குள் அட்டையைத் தேடும்.

முப்பத்தாறில் நின்றுவிட்டது, மாதம் மாதம் வருவது.
மிச்சமிருந்த பக்கெட்டுகளை ஆரூரன்
சுவரோரம் வரிசையாக அடுக்கினான்.
பஸ் எப்ப வரும், என்றான்.
பஸ் எப்ப வரும்.
பஸ்ஸுக்குள் ஏறி இருந்த பிறகும் கேட்பான்,
என் கண்ணைப் பாராமல்,
தன் புறங்கையைக் கடித்தபடி.
ஒன்பது வயது.
திரும்பத் திரும்பச் சொல்ல யாரிடம் பழகினான் என்று
இப்போது யோசிக்கிறேன்.

நான் கணக்குப் பிரிவில் வேலை.
மத்தியானம் ஒரு தாளில் கோடு கீறினேன்:
இந்தப் பயத்தில் பிள்ளைக்கு எவ்வளவு,
எழுத்துகளுக்கு எவ்வளவு,
காலத்துக்கு, வீட்டுக்காரருக்கு, எனக்கு எவ்வளவு.
கூட்டினால் ஒவ்வொரு தரமும் வேறு தொகை.
ஆனால் தாளை மடிக்கும்போது
முதுகுக்குப் பின்னால் யாரோ
பிடியை விட்டதுபோல் இருந்தது.
அது என் கெட்டித்தனக் குறைவு இல்லை என்று
அச்சடித்து, சீல் குத்தி,
கையெழுத்தும் போட்டுத் தந்திருக்கிறார்கள்.
அன்றிரவும் எழும்பி சிலிண்டரைப் பார்த்தேன்தான்.

அப்பாவின் தேத்தண்ணிக் கோப்பை
சோசரில் கிடுகிடுவென்று பேசும்.
வயது என்றோம். அதுவும் இதுவாக இருக்கலாமாம்.
என்னுடையது அவர் வழியாக வந்திருந்தால்
அவருடைய எந்த மகளும் தப்பியிருக்க மாட்டாள்.
எந்த மகளும் என்றால் நானும் சுகிர்தாவும்.
அவளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள்.
மூன்று தரம் கொட்டாஞ்சேனைக்கு போன் எடுத்தேன்.
மூன்று தரமும் மீன் விலை கேட்டேன்.

நேற்று இரண்டு மணிக்கு அவளே எடுத்தாள்.
"அக்கா, நித்திரையே?"
இல்லை.
"ஒண்டுமில்லை. கதவு பூட்டினனானோ எண்டு
அஞ்சாந்தரம் பாத்திட்டு வந்து இருக்கிறன்.
எனக்கு என்ன விசரோ?"

குசினி இருட்டு.
என் கை வால்வின் மேலேதான் இருந்தது.
உனக்கும் ஒரு நம்பர் இருக்கும் சுகி, என்றேன்.
தொடங்கினால் நிறுத்தத் தெரியவில்லை,
எல்லாவற்றையும் சொன்னேன்,
ரயிலைக்கூட.

கனநேரம் அவள் பேசவில்லை.
பிறகு,
அங்க போறதுக்கு எந்த பஸ் அக்கா, என்றாள்.